கச்சதீவுக்கு வழி உண்டு, தெல்லிப்பழைக்கு?

ஆண்டுதோறும் கச்சதீவு அந்தோனியார் திருவிழா நெருங்கும்போது யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் ஒரு கூட்டம் நடக்கும். மாவட்டச் செயலர் தலைமை தாங்குவார். கடற்படை, பொலிஸ், யாழ். ஆயர் இல்லம், நெடுந்தீவுப் பிரதேச செயலகம், இலங்கைப் போக்குவரத்துச் சபை, தனியார் பேருந்துச் சங்கங்கள், படகுக்காரர், சுகாதாரப் பகுதியினர், இந்தியத் துணைத் தூதரகத்தார் என்று எல்லோரும் வந்து உட்காருவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு முதல் பஸ் விடியற்காலை எத்தனை மணிக்கு, கடைசிப் படகு எத்தனை மணிக்கு, எதற்கு என்ன கட்டணம் என்பதெல்லாம் அங்கே முடிவாகிப் பத்திரிகைகளிலும் வந்துவிடும். குடியிருப்பு ஒன்றுகூட இல்லாத அந்தத் தீவுக்கு ஆயிரக்கணக்கானோர் போய், ஓரிரவு தங்கி, பூசை கண்டு, திரும்பியும் விடுகிறார்கள்.

இரண்டு நாளுக்குக் கூடிவருகிற இந்த ஒழுங்கு ஆண்டின் மிச்ச நாட்களுக்குக் கூடிவருவதில்லை. குடாநாட்டுப் போக்குவரத்தின் நோய் அங்கேதான் இருக்கிறது. பஸ் போதாது, றோட்டு சரியில்லை என்ற முறைப்பாடுகள் உண்மைதான். ஆனால் இருக்கிற பஸ்ஸையும் படகையும் ரயிலையும் ஒரே படத்தில் வைத்துப் பார்க்கும் ஆள் ஒருவரும் இல்லை என்பது அவற்றுக்கும் மேலான குறை.

நெல்லியடிப் பக்கத்திலிருந்து ஒருவர் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கிளினிக் போகவேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2013 இல் திறக்கப்பட்ட அந்த வைத்தியசாலையை நம்பி வன்னியிலிருந்தும் நோயாளர் வருகிறார்கள். படத்தில் பார்த்தால் வடமராட்சிக்கும் தெல்லிப்பழைக்கும் நடுவே பெரிய தூரமில்லை; வல்லையைத் தாண்டி அச்சுவேலி, அதற்கப்பால் வலிகாமம் வடக்கு. பஸ்ஸை நம்பியவருக்குப் பெரும்பாலும் அமைகிற வழியோ வேறு. 750 ஆம் இலக்கப் பஸ்ஸில் ஏறி ஆவரங்கால், புத்தூர், நீர்வேலி, கோப்பாய் என்று யாழ்ப்பாணம் வரைக்கும் தெற்கே இறங்கவேண்டும். மத்திய பேருந்து நிலையத்தில் மாறிக் காங்கேசன்துறை வீதியால் திரும்ப வடக்கே ஏறவேண்டும். முக்கோணத்தின் ஒரு பக்கத்தைக் கடக்க மற்ற இரண்டு பக்கங்களையும் சுற்றுகிற பயணம் இது. மருந்து ஏற்றி உடல் சோர்ந்தவர் மாலையில் இதே வழியால் வீடு திரும்பவேண்டும். ஓட்டோ பிடிக்க வசதியுள்ளவர் பிடிக்கிறார். இல்லாதவர் கிளினிக் திகதியைத் தவறவிடுகிறார்.

குடாநாட்டின் பஸ் தடங்கள் ஏறக்குறைய எல்லாமே யாழ்ப்பாண நகரில் தொடங்கி வெளியே விரிகின்றன. பருத்தித்துறை, பலாலி, காங்கேசன்துறை, மானிப்பாய், காரைநகர், ஊர்காவற்றுறை, கண்டி வீதி எல்லாவற்றுக்கும் முனை ஒன்றுதான். கச்சேரியும் பெரியாஸ்பத்திரியும் பெரிய கடைகளும் பெயர்பெற்ற பள்ளிக்கூடங்களும் அங்கே இருந்த காலத்தில் அது இயல்பாக வந்த அமைப்பு. போர் அதை இன்னும் இறுக்கியது. பலாலியைச் சுற்றிய உயர்பாதுகாப்பு வலயம் வலிகாமம் வடக்கை மூடியபோது வடமராட்சியிலிருந்து மேற்கே போகும் வடபுறத்து வழிகள் அறுந்தன. போகிறவர் எல்லோரும் நகருக்குள் இறங்கித்தான் ஏறவேண்டும் என்றாயிற்று. வசாவிளான் – பலாலி வீதி மூன்று தசாப்தங்களுக்கு மேல் மூடிக் கிடந்து 2025 ஏப்ரலில்தான் திறந்தது, அதுவும் நேரக் கட்டுப்பாட்டுடன். வீதி திறந்த செய்திக்குப் பத்திரிகைகளில் முதற்பக்கம் கிடைத்தது. அந்த வீதியால் இனி எந்தப் பஸ் எங்கிருந்து எங்கே ஓடலாம் என்ற கேள்விக்கு எந்த அலுவலகத்தின் கோப்பிலும் முதற்பக்கம் கிடைத்ததாகத் தெரியவில்லை.

குறுக்குத் தடங்களைப் பற்றிப் பேச ஒருவரும் இல்லாததற்கு எல்லைகளும் ஒரு காரணம். யாழ்ப்பாண மாவட்டத்தில் 17 உள்ளூராட்சி சபைகள் இருக்கின்றன. ஒரு மாநகர சபை. பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, சாவகச்சேரி என மூன்று நகர சபைகள். பிரதேச சபைகள் 13. 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி ஆறு இலட்சத்துக்குச் சற்றுக் குறைந்த சனத்தொகைக்கு இத்தனை சபைகள். அது அதிகமா குறைவா என்பது வேறு விவாதம். காலையில் வீட்டைவிட்டு வெளிக்கிடுகிற மாணவரோ கூலித் தொழிலாளியோ இந்த எல்லைகளுக்குள் வாழ்வதில்லை என்பதே இங்கே முக்கியம். கொடிகாமத்தில் படுத்து எழும்புகிறவர் திருநெல்வேலியில் படிக்கிறார். மாதகல்காரர் சுன்னாகத்தில் வியாபாரம் செய்கிறார். புங்குடுதீவுத் தாய் யாழ்ப்பாணத்தில் பிள்ளையை ரியூஷனுக்கு விட்டுவிட்டு வெளியே காத்திருக்கிறார்.

புத்தூரிலிருந்து வண்ணாத்திப் பாலத்தால் மீசாலைக்குப் போகும் வீதியை எடுத்துக்கொள்ளலாம். வலிகாமத்தையும் தென்மராட்சியையும் நேரே இணைக்கிற வீதி அது. சுன்னாகச் சந்தையிலிருந்து புத்தூர் வழியாகச் சாவகச்சேரிக்கு ஒழுங்காக ஒரு பஸ் ஓடினால் கமக்காரருக்கும் மாணவருக்கும் எவ்வளவோ சுகம். ஆனால் அந்தத் தடம் வலிகாமம் தெற்கில் தொடங்கி, வலிகாமம் கிழக்கைக் கடந்து, சாவகச்சேரிப் பிரதேச சபைக்குள் புகுந்து, நகர சபையில் முடியும். நான்கு தவிசாளர்களில் யாருடைய தேர்தல் துண்டுப்பிரசுரத்திலும் அது முழுதாக இடம்பெறாது. தன் வட்டாரத்து ஒழுங்கைக்குத் தார் போட்டால் பெயர்ப்பலகை வைக்கலாம். அடுத்த சபைக்குள் போய் முடிகிற பஸ்ஸுக்கு எந்தச் சந்தியில் பலகை வைப்பது?

முன்பு தட்டிவான்கள் இந்தக் கவலையில்லாமல் ஓடின. கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே தேங்காயும் மரக்கறியும் மீன்கூடையும் அவற்றின் சொந்தக்காரிகளும் ஒன்றாக ஏறிப்போன அந்த வண்டிகளுக்கு நேர அட்டவணை எழுதியது சந்தை. சந்தை கூடும் நேரம் வண்டிக்குத் தெரிந்திருந்தது. இன்று சந்தைகளை நடத்துவது பிரதேச சபைகளும் நகர சபைகளும்தான். ஆனால் சந்தை நேரத்துக்கும் பஸ் நேரத்துக்கும் தொடர்பு விட்டுப்போய்விட்டது.

வீதிகளின் உரிமையும் மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. பெருந்தெருக்கள் கொழும்பைத் தலைமையகமாகக் கொண்ட வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு; அடுத்த தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு; உள் வீதிகளும் ஒழுங்கைகளும் சபைகளுக்கு. பஸ்களும் அப்படியே. 1958 இல் அரசு பஸ் சேவையைத் தன் கையில் எடுத்தது. 1979 இல் தனியாருக்குத் திரும்பவும் வழி திறந்தது. இன்று இலங்கைப் போக்குவரத்துச் சபைக்கு (இ.போ.ச.) கோண்டாவில், பருத்தித்துறை, காரைநகர் எனக் குடாநாட்டில் சாலைகள் இருக்கின்றன. தனியார் மினிபஸ்களுக்கு மாகாணத்துக்குள் வழியனுமதி கொடுப்பது வட மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபை. மாகாணம் விட்டு மாகாணம் போகும் தனியார் பஸ்களுக்குக் கொழும்பிலுள்ள தேசிய போக்குவரத்து ஆணைக்குழு.

இரண்டு தரப்பும் ஒரே அட்டவணைக்குள் வரவேண்டும் என்ற பேச்சு வடக்கில் பல ஆண்டுகளாக நடக்கிறது. சேவைகளை இரு தரப்பும் பங்கிடும் 60:40 என்ற விகிதம் பஸ் நிலையத்தில் கச்சான் விற்பவருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தில் 2021 இல் புதிய நெடுந்தூரப் பேருந்து நிலையம் திறக்கப்பட்ட பிறகும் இ.போ.ச. பழைய இடத்திலும் தனியார் புதிய இடத்திலும் என்று இழுபறி நீண்டது. பணிப்புறக்கணிப்பு வரும், கூட்டம் கூடும், இணக்கம் என்று செய்தி வரும், திரும்பவும் பணிப்புறக்கணிப்பு வரும். இந்த வழக்கில் இரண்டு கட்சிக்காரரும் தங்கள் நியாயத்தைச் சொல்கிறார்கள். மூன்றாவது கட்சிக்காரராகிய பயணி எந்தக் கூட்டத்துக்கும் அழைக்கப்படுவதில்லை. இரண்டு பஸ்கள் ஒன்றையொன்று முந்தி ஓடுவதைப் பார்த்துவிட்டு, பின் அரைமணி நேரம் வெறும் வீதியைப் பார்த்து நிற்பது அவருடைய பங்கு.

அரசியலமைப்பின்படி பார்த்தால் இதற்கு உரிமைக்காரர் இருக்கிறார். 1987 இன் 13 ஆவது திருத்தம் மாகாணத்துக்குள்ளான பயணிகள் போக்குவரத்தை மாகாண சபைப் பட்டியலில் வைத்தது. வடக்குக்குத் தெரிவுசெய்யப்பட்ட மாகாண சபை கிடைத்தது 2013 செப்டெம்பரில். அதன் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லை. ஆளுநர்களும் அதிகாரிகளும் கொண்டுநடத்துகிறார்கள். அதிகாரிகளில் கெட்டிக்காரர் உண்டு, அக்கறையுள்ளவரும் உண்டு. ஆனால் அரியாலையில் பஸ் நிற்காமல் போனால் அடுத்த தேர்தலில் பதில் சொல்லவேண்டியவர் அங்கே ஒருவரும் இல்லை.

அந்த வெற்றிடத்தில் மக்கள் வாக்குப்போட்டு அனுப்பியவர்களாக மாவட்டத்துக்குள் எஞ்சியிருப்பது இந்த 17 சபைகள்தான். அவையும் 2023 மார்ச்சில் கலைந்து, இரண்டு ஆண்டுக்கு மேல் செயலாளர்களின் கையில் கிடந்து, 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகே உயிர்பெற்றன. ஆகவே இந்தக் கட்டுரையின் வேண்டுகோள் அவற்றுக்கே உரியது: மாகாண சபைக்காகவும் கொழும்புக்காகவும் காத்திராமல், 17 சபைகளும் சேர்ந்து குடாநாட்டுக்கும் தீவுகளுக்குமாக ஒரு நிரந்தரப் போக்குவரத்துக் கூட்டுக்குழுவை அமைக்கவேண்டும்.

சபைகளிடம் ஒரு பஸ்கூட இல்லையே, அவை என்ன திட்டமிடுவது என்று கேட்கலாம். ஒரு சபையிடம் படகே இருந்தது. 2017 இல் உலக வங்கி நிதியுதவியுடன் கட்டப்பட்ட நெடுந்தாரகை நெடுந்தீவுப் பிரதேச சபையிடம் கொடுக்கப்பட்டது. குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையே குமுதினியும் வடதாரகையும் வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் கீழ் ஓட, நெடுந்தாரகை மட்டும் சபையின் பொறுப்பு. சில ஆயிரம் பேர் வாழும் தீவின் சபை, தன் வருமானத்தை வைத்து எரிபொருளும் போட்டு, மாலுமிக்குச் சம்பளமும் கொடுத்து, உப்புநீரில் கிடக்கும் இயந்திரத்தையும் பழுதுபார்க்கவேண்டும். படகு பழுதுபட்டால் திருத்தக் காசு தேடவேண்டும். தேடும்வரை படகு கரையில் கிடக்கும். அந்தப் படகில் போய் வருகிறவர்களோ நெடுந்தீவார் மட்டுமல்லர். ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், வைத்தியசாலைப் பணியாளர்கள், சுற்றுலாப் பயணிகள் பலரும் மற்றச் சபைகளின் எல்லைக்குள் இருந்து வருகிறவர்கள். பாரத்தை நெடுந்தீவு தனியே சுமந்தது. கூட்டாகச் செய்யவேண்டியதை ஒரு சிறிய சபையின் தலையில் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேடத் தேவையில்லை.

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே ஓடுகிற ‘பாதை’யும் இப்படி ஒரு பாடம். ஒரு கிலோமீற்றருக்கும் குறைந்த கடலை அந்த மிதவை கட்டணம் வாங்காமல் கடத்திவிடுகிறது. அது நின்றால் பொன்னாலை, யாழ்ப்பாணம், பண்ணை, வேலணை என்று குடாநாட்டையே சுற்றவேண்டும். இரண்டு கரையிலும் இரண்டு பிரதேச சபைகள். பாதை வேறொரு நிறுவனத்தினுடையது. இறங்குதுறைக்கு வரும் பஸ் இன்னொன்றினுடையது. பாதை கரையைத் தட்டும் நேரத்தையும் பஸ் வெளிக்கிடும் நேரத்தையும் ஒரே தாளில் எழுதும் வேலைக்கு வெளிநாட்டு நிபுணர் யாரும் தேவையில்லை.

ரயிலுக்கும் இதே கதைதான். 1905 இல் வடபாதை முழுமையடைந்து, 1956 முதல் யாழ்தேவி ஓடி, 1990 ஜூனில் நின்றுபோய், 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் திரும்பவும் வந்தது. திரும்பிவந்த ரயிலைக் கொழும்புக்குப் போகும் வாகனமாக மட்டுமே குடாநாடு பார்க்கிறது. உண்மையில் கொடிகாமம், மீசாலை, சாவகச்சேரி, நாவற்குழி, புங்கங்குளம், யாழ்ப்பாணம், கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று சனம் நெருங்கி வாழும் ஊர்களை ஒரே கோட்டில் கோக்கும் தண்டவாளம் அது. சாவகச்சேரியின் இரண்டு சபைகள், மாநகர சபை, நல்லூர், வலிகாமம் தெற்கு, வலிகாமம் வடக்கு என ஆறு சபைகளைத் தொடுகிறது. உள்ளூர்ப் பயணத்துக்கு ஏற்ற நேரத்தில் ஒரு ரயில் பஸ் காலையும் மாலையும் ஓடவேண்டும் என்று ஆறு சபைகளும் ஒரே கடிதத்தில் கையொப்பமிட்டுக் கேட்டால் அதன் கனம் வேறு. கூடவே, பாதுகாப்பற்ற கடவைகள். தண்டவாளம் ரயில் திணைக்களத்துக்கு, குறுக்கே போகும் வீதி பல இடங்களில் சபைக்கு, காவலாளி பொலிஸாரின் கீழ் நாளாந்தக் கொடுப்பனவுக்கு. விபத்து நடந்தபிறகு மூவரும் அறிக்கை விடுகிறார்கள்.

புலம்பெயர்ந்த யாழ்ப்பாணத்தார் பலர் வாழும் சூரிச்சில் என்ன நடந்தது என்று பார்க்கலாம். ரயில், டிராம், பஸ், ஏரிப்படகு எல்லாவற்றையும் ஒரே பயணச்சீட்டின் கீழ் கொண்டுவந்த போக்குவரத்துக் கூட்டமைப்பு அங்கே 1990 மே மாதம் ஓடத் தொடங்கியது. அடுத்த மாதம் யாழ்தேவி நின்றது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, ஆனால் காலக்கணக்கு மனதை உறுத்துகிறது. சூரிச் மாநிலத்தில் 160 அளவிலான உள்ளூராட்சிகள் இருக்கின்றன, நம்முடையவற்றைவிடச் சிறியனவும் அவற்றுள் உண்டு. போக்குவரத்து நட்டத்தில் பாதியை மாநிலம் ஏற்கிறது, மறுபாதியை உள்ளூராட்சிகள் பகிர்ந்துகொள்கின்றன. யாருக்கு எவ்வளவு என்பதற்கும் கணக்கு உண்டு: ஒரு ஊரில் எத்தனை சேவைகள் நிற்கின்றன என்பதற்குப் பெரும்பங்கு, அந்த ஊரின் வரிவலுவுக்குச் சிறுபங்கு. பணம் கொடுப்பதால் வாய்திறக்கும் உரிமையும் கிடைக்கிறது. நேர அட்டவணையின் வரைவு வரும்போது ஊர்கள் தத்தம் வட்டாரப் போக்குவரத்து மாநாட்டில் கூடி, இந்தப் பஸ் பத்து நிமிடம் முந்தவேண்டும், அந்த ஊருக்கு இரவில் ஒரு சேவை வேண்டும் என்று வாதாடுகின்றன. அங்கே இருபத்தைந்து வருடம் டிராம் ஓட்டிய சித்தப்பாவோ மாமாவோ இல்லாத யாழ்ப்பாணக் குடும்பம் குறைவு என்பார்கள். மிகைதான், ஆனால் கேட்டறிய ஆளில்லை என்று சொல்லவும் முடியாது.

இந்த யோசனைக்கு முன்னோடி ஜேர்மனியின் ஹம்பேர்க், 1965 இல். இங்கிலாந்தில் மான்செஸ்டர் உட்படப் பத்து சபைகள் 2011 இல் ஒரு கூட்டு அதிகாரசபையாகி, தனியார் கையில் சிதறியிருந்த பஸ்களை 2025 ஜனவரிக்குள் தம் கட்டுப்பாட்டுக்கு எடுத்தன. செல்வமான நாடுகளின் கதை நமக்கெதற்கு என்பவர்கள் அக்கரையைப் பார்க்கலாம். சென்னைக்கு ஒருங்கிணைந்த போக்குவரத்து ஆணையம் அமைக்கத் தமிழ்நாடு சட்டம் இயற்றியது 2010 இல். அந்த ஆணையத்தின் முதல் கூட்டம் முதலமைச்சர் தலைமையில் நடந்ததோ 2022 நவம்பரில். பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் பயணச்சீட்டு எடுக்கும் வசதி 2025 செப்டெம்பரில் வந்தது. மேலேயிருந்து சட்டமாக வருவது இப்படி ஊர்ந்துதான் வரும். கீழேயிருந்து சபைகள் தொடங்கினால் சிறிதாகத் தொடங்கலாம், விரைவாகவும் தொடங்கலாம்.

எதிலிருந்து தொடங்குவது? பஸ் நிலையங்களும் தரிப்பிடங்களும் பெரும்பாலும் சபைகளின் பொறுப்பில் இருக்கின்றன. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் தாய் தகப்பன் நினைவாகக் கட்டிக்கொடுத்த அழகான தரிப்பிடங்கள் ஊர்தோறும் உண்டு. அவற்றில் அமரரின் பெயரும் பிறந்த திகதியும் மறைந்த திகதியும் சலவைக்கல்லில் துல்லியமாக இருக்கும். பஸ் வரும் நேரம் இராது. 17 சபைகளும் ஒரே வடிவத்தில் பலகை செய்து, அந்தத் தரிப்பிடத்தால் போகும் இ.போ.ச., தனியார் சேவைகளின் நேரத்தையும் கடைசிப் பஸ்ஸின் நேரத்தையும் எழுதிவைக்கலாம். எழுதினால் சச்சரவு வரும், ‘எங்கள் பஸ் அந்த நேரத்தில் ஓடுவதில்லையே’ என்று சாரதிகளே வந்து சொல்வார்கள். வரட்டும். எழுதப்படாத அட்டவணையைத் திருத்த முடியாது.

அடுத்தது கணக்கு. எந்தத் தரிப்பிடத்தில் எந்த நேரத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள், எங்கே போகிறார்கள் என்று ஒரு வாரம் எண்ணிப்பார்க்கும் வேலையை உயர்தர மாணவரும் பல்கலைக்கழகப் புவியியல் மாணவரும் செய்யலாம். அந்தக் கணக்கு கையில் இருந்தால் மாகாண அதிகாரசபையிடம் வழியனுமதி கேட்பது விண்ணப்பமாக இராது, வாதமாக இருக்கும். மருதங்கேணி, ஆழியவளை, கட்டைக்காடு என்று நீளும் வடமராட்சி கிழக்குக்குத் திட்டமிட்ட சேவை வேண்டும் என்று எத்தனையோ மகஜர்கள் போயிருக்கின்றன. எந்த மகஜரிலும் காலை ஆறரைக்கு எத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள் என்ற எண் இருந்திருந்தால் மறுமொழி வேறாக இருந்திருக்கக்கூடும்.

ஓட்டோக்களையும் விடமுடியாது. தரிப்பிடம் கொடுப்பது சபை. சபைக்குச் சபை விதி. செயலி வழியாக ஓடுபவர்களுக்கும் தரிப்பிடத்தில் நிற்பவர்களுக்கும் நடக்கும் சண்டையில் பொலிஸார் வருகிறார்கள், சபை வருவதில்லை. பலாலியில் 2019 இல் சர்வதேச விமான நிலையம் திறந்தாயிற்று, காங்கேசன்துறைக்கு 2023 முதல் நாகபட்டினத்துக் கப்பல் வருகிறது. இரண்டும் வலிகாமம் வடக்குக்குள். வந்திறங்கி ஓட்டோ பிடிக்கிறவர் போகுமிடமோ பதினேழு சபைகளிலும் இருக்கிறது.

மறுப்புகள் வரும். சபைகளிடம் காசில்லை என்பது முதலாவது. உண்மை, ஆனால் மேலே சொன்னவற்றில் பெரும்பகுதிக்குக் காசு பெரிதாகத் தேவையில்லை. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு இருக்கிறதே, இன்னொரு குழு எதற்கு என்பது இரண்டாவது. அந்தக் குழுவில் மணல் கடத்தலும் போதைப்பொருளும் காணி விடுவிப்பும் வெள்ளமும் பேசப்பட்டு முடியும்போது பிற்பகல் ஆகிவிடும். போக்குவரத்து அங்கே முறைப்பாடாக வந்து, அறிவுறுத்தலாகப் போகும். திட்டம் ஆகாது.

மூன்றாவது மறுப்பை யாரும் வெளியே சொல்வதில்லை. சபைகள் வெவ்வேறு கட்சிகளின் கையில். 2025 தேர்தலில் பல சபைகளில் எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. தவிசாளர் கதிரைக்கு நடந்த பேரங்களின் கசப்பு இன்னும் தீரவில்லை. சபைகள் ஒன்றையொன்று பார்த்துப் பேசிய சந்தர்ப்பங்களும் பெரும்பாலும் சண்டையாகவே முடிந்திருக்கின்றன. கல்லுண்டாயில் மாநகரக் குப்பை கொட்டப்படுவது பற்றிய சச்சரவு அதற்குப் போதிய சாட்சி. குப்பையைப் பகிர்வது கடினம், எவருக்கும் வேண்டாத பொருள் அது. பஸ் அப்படியல்ல. தன் ஊரால் ஒரு பஸ் கூடுதலாகப் போவதை எதிர்த்து வாக்குக் கேட்கும் கட்சியை இந்த மண்ணில் இன்னும் காணவில்லை. தலைமையை ஆறு மாதத்துக்கொருமுறை சுழற்றினால் முதல்வரா தவிசாளரா பெரியவர் என்ற பிரச்சினையும் எழாது. மாநகர சபை இதில் பெரியண்ணனாக நடக்காமல் இருப்பது நல்லது. நகரின் நெரிசலுக்கு மருந்து நகருக்கு வெளியேதான் இருக்கிறது. நகருக்குள் வரத் தேவையில்லாதவரை வராமல் அனுப்பும் குறுக்குத் தடங்கள் மாநகருக்கே கூடிய இலாபம்.

கூடிச் செய்யத் தெரியாத ஊரும் அல்ல இது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடப்படும். பருத்தித்துறை வீதிப் பஸ்கள் மாற்றுவழியால் திரும்பும். வாகனத் தரிப்பிடம், சுகாதாரம், தூக்குக்காவடி வரும் வழி வரைக்கும் மாநகர சபையில் கூட்டம் வைத்து ஒழுங்குசெய்கிறார்கள். அந்த 25 நாளும் பஸ் எங்கே நிற்கும் என்பது சனத்துக்குத் தெரிந்திருக்கிறது. இந்த ஒழுங்குக்குப் பின்னால் தனிச் சட்டமோ பெரிய நிதியோ இல்லை. நடந்தேயாகவேண்டும் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட திகதி ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்றைய சபைகளின் ஆயுள் நான்கு ஆண்டு, 2029 நடுப்பகுதிவரை. ஒவ்வோர் ஆண்டிறுதியிலும் பாதீடு வரும். பதினேழு பாதீடுகளிலும் ‘கூட்டுப் போக்குவரத்து’ என்று ஒரு தலைப்பைத் திறந்து சிறு தொகை ஒதுக்கினால் போதும், முதற்கூட்டத்தைச் சுன்னாகத்திலோ நெல்லியடியிலோ வைக்கலாம். இ.போ.ச. சாலை முகாமையாளர்களையும் தனியார் சங்கத்தினரையும் அழைத்து, சுன்னாகம் – புத்தூர் – சாவகச்சேரி, நெல்லியடி – அச்சுவேலி – தெல்லிப்பழை என்ற இரண்டு தடங்களுக்கு மட்டும் பரீட்சார்த்தமாக நேரம் குறிக்கலாம். முதல் வருடத்தில் அந்தத் தலைப்பில் கூடுதலாகச் செலவாகப்போவது பலகைக்கும் பெயின்ருக்கும் கூட்டத்துக்கு வந்தவர்களின் தேநீருக்கும்தான்.